மலை ஏறிய பாக்கெட் இறங்கவில்லை!

ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்கு ஒரு புதுக் கணக்கு

ஐந்து ரூபாய்க்கு ஒரு பாக்கெட்.

பளபளவென்று மின்னும். கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பையன் ஓடி வருவான். ஒன்றைப் பிய்த்து வாங்குவான். உள்ளே இருப்பதைப் பத்து வாயில் தின்று விடுவான். உறையைக் கீழே போட்டு விட்டு வீட்டுக்கு நடப்பான். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்து விடும்.

உறை மட்டும் முடியாது. அந்தப் பையன் பெரியவனாகி, கல்யாணம் ஆகி, அவன் பிள்ளை அதே பள்ளிக்கூடத்தில் சேரும்போதும் அது மண்ணுக்குள் கிடக்கும்.

சென்னையிலும் இதுதான் நடக்கிறது. மதுரையிலும் நடக்கிறது. ஆனால் மலைமேல் நடக்கும்போது சங்கதி வேறு.

மூன்று ஜில்லாவில் ஒரு மலை

கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு பகுதி ஜவ்வாது மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று ஜில்லாக்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர்தான் மலையில் முக்கியமான ஊர். போளூரிலிருந்து ஒரு பாதை, அமிர்தி வழியாக ஒரு பாதை, ஆலங்காயத்திலிருந்து ஒரு பாதை — இப்படி மலை ஏறும் சாலைகளை விரல் விட்டு எண்ணி விடலாம்.

இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு ‘மலையாளிகள்’ என்று பெயர். கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் பேசுவது தமிழ்தான். சாமையும் தினையும் விதைக்கிறார்கள். புளியும் தேனும் எடுக்கிறார்கள். பலாவும் சீத்தாப்பழமும் காய்க்கின்றன. காவலூரில் நட்சத்திரங்களை ஆராயும் பெரிய தொலைநோக்கி இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கிறது என்றுதான் அறிஞர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பீமன் அருவியைப் பார்க்கக் கீழ்நாட்டு மக்கள் காரிலும் வேனிலும் வருகிறார்கள்.

செய்யாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. கீழே இறங்கிப் பாலாற்றில் கலக்கிறது. கமண்டல நாகநதியும் இந்த மலைத் தண்ணீர்தான். அதன் குறுக்கேதான் செண்பகத்தோப்பு அணை கட்டியிருக்கிறார்கள். ஆகவே மலையில் போட்டது மலையிலேயே கிடக்கும் என்று கீழே இருப்பவர்கள் நிம்மதியாக இருக்க முடியாது. நல்ல மழை ஒன்று பெய்தால் போதும். ஓடையில் இறங்கி, ஆற்றுக்கு வந்து, வயலுக்கும் ஏரிக்கும் போய்ச் சேரும்.

எது இறங்குகிறது? எது தங்குகிறது?

மலையிலிருந்து கீழே இறங்கும் சாமான்களைக் கவனித்தால் ஒரு விஷயம் விளங்கும்.

புளி இறங்குகிறது. சாமை இறங்குகிறது. தேன் இறங்குகிறது. பழைய இரும்பு, உடைந்த பித்தளைக் குடம், காலிக் கண்ணாடிப் பாட்டில் இவையும் இறங்குகின்றன. ஏன்? அவற்றுக்கு விலை உண்டு. பழைய இரும்பு வியாபாரி கிலோக் கணக்கில் எடை போட்டு வாங்குவான்.

தண்ணீர் விற்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கூடக் கொஞ்சம் விலை கிடைக்கும். அதை உருக்கி நூலாக்குகிறார்கள்.

தின்பண்டப் பாக்கெட்டை யாரும் வாங்க மாட்டார்கள். அது ஒரே பொருள் அல்ல. பிளாஸ்டிக் ஏடும் உலோகப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. பிரித்தெடுக்கச் செலவு அதிகம். எடையோ மிகக் குறைவு. ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கான பாக்கெட் பொறுக்க வேண்டும். மெல்லிய கேரி பையும் இப்படித்தான். இவற்றை ஏற்றிக்கொண்டு வளைந்து வளைந்து மலை இறங்கினால் டீசல் காசு கூடத் தேறாது.

விலை உள்ளது இறங்குகிறது. விலை இல்லாதது தங்குகிறது. பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் பற்றிச் சொல்ல விரும்புகிறவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ‘குப்பை போடாதே, கெட்ட பிள்ளை’ என்று திட்டினால் பிள்ளை தலையாட்டும். அடுத்த நாள் அதையேதான் செய்யும். காசுக் கணக்கைச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் உடனே புரியும்.

கடலூரில் பிறந்த யோசனை

சின்னப் பாக்கெட் எங்கோ அமெரிக்காவிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் அதைப் பரப்பியவர்களில் முன்னோடி ஒரு தமிழர்.

கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன் ஒரு யோசனை செய்தார். பெரிய டப்பா வாங்க ஏழையிடம் காசு இல்லை. அதே சாமானைச் சிறிய உறையில் அடைத்துச் சில்லறைக் காசுக்குக் கொடுத்தால் ஏழையும் வாங்குவான் அல்லவா? நல்ல எண்ணம்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ம் வருஷம் தனியாகக் கம்பெனி தொடங்கி, ‘சிக்’ ஷாம்புவைச் சின்ன உறையில் விற்றார். அது பட்டி தொட்டி எல்லாம் பரவியது.

வியாபாரத்தைப் பெருக்க அவர் செய்த ஒரு வேலை சுவையானது. எந்தக் கம்பெனி ஷாம்பு உறையானாலும் சரி, ஐந்து காலி உறை கொண்டு வந்தால் ஒரு ‘சிக்’ இனாம் என்று அறிவித்தார். ஜனங்கள் காலி உறைகளைத் தேடித் தேடிக் கொண்டு வந்தார்கள். பிறகு, ‘சிக்’ காலி உறைக்கு மட்டும்தான் இனாம் என்று மாற்றினார். விற்பனை மேலும் ஏறியது.

ஊரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அவருடைய நோக்கம் அல்ல. ஆனால் அந்த இனாம் ஒன்றைக் காட்டி விட்டது. காலி உறைக்கு ஒரு மதிப்பு வைத்தால் அது தெருவில் கிடக்காது! வாடிக்கைக்காரரைப் பிடிக்க வேண்டிய காலத்தில் கம்பெனிக்குக் காலி உறை வேண்டியிருந்தது. பிடித்த பிறகு வேண்டாம் என்று ஆகி விட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் ஒரு முறை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் தடை உண்டு. கேரி பை, பிளாஸ்டிக் டம்ளர், தெர்மோகோல் தட்டு, உறிஞ்சு குழல், தண்ணீர் பாக்கெட், ஓட்டலில் சாப்பாடு கட்டும் தாள், இலைக்குப் பதில் மேஜையில் விரிக்கும் தாள் எல்லாம் அதில் அடக்கம். கேரி பை எந்தக் கனத்தில் இருந்தாலும் கூடாது. மத்திய சர்க்காரும் 2022 ஜூலை 1-ந் தேதி முதல் ஸ்பூன், குழல், மிட்டாய்க் குச்சி, ஐஸ்கிரீம் குச்சி முதலிய பல பிளாஸ்டிக் பொருள்களைத் தடுத்து விட்டது.

இரண்டு சாமான்களில் தாய்மார்கள் ஏமாந்து விடுகிறார்கள். ஒன்று, காகிதக் கப். காகிதம்தானே என்று நினைக்கிறார்கள். டீ ஒழுகாமல் இருக்க உள்ளே பிளாஸ்டிக் பூசியிருக்கிறது. மற்றது, ஜவுளிக்கடைகளில் கொடுத்து வந்த துணி போன்ற பை. அதில் ஊடும் பாவும் இல்லை. நெய்த துணியே அல்ல. அதுவும் பிளாஸ்டிக்தான். இரண்டும் தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலில் இருக்கின்றன.

2021 டிசம்பர் 23-ந் தேதி ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். ஒரு காலத்தில் மஞ்சள் பையோடு பட்டணத்தில் இறங்கியவனைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்தார்கள். இப்போது கோயம்பேடு மார்க்கெட்டில் அதே பையைக் கொடுக்க இயந்திரம் வைத்தார்கள். பத்து ரூபாய் போட்டால் பை வரும்!

ஆனால் இந்தப் பட்டியல்களை எவ்வளவு படித்தாலும், கடை வாசலில் தொங்கும் ஐந்து ரூபாய்த் தின்பண்டப் பாக்கெட் தொங்கிக் கொண்டுதான் இருக்கிறது. கேரி பையைக் கடைக்காரர் மேஜைக்கு அடியில் ஒளிக்கிறார். பாக்கெட்டை வாசலில் கட்டுகிறார். ‘பிளாஸ்டிக் கெட்டது’ என்று பள்ளிக்கூடத்தில் படித்து விட்டு வரும் பிள்ளை, இதைப் பார்த்தால் என்ன நினைக்கும்?

மாடும் அடுப்பும்

மலையில் மாடும் ஆடும் காட்டோரம் மேய்கின்றன. உப்பும் மசாலாவும் ஒட்டிய உறை என்றால் அவற்றுக்கு ஆசை. நக்கும். பிறகு விழுங்கி விடும். மாட்டின் முதல் இரைப்பையில் போய்த் தங்கிய பிளாஸ்டிக் செரிப்பதில்லை. எளிதில் வெளியே வருவதும் இல்லை. மேலும் மேலும் சேர்ந்து கயிறு போலச் சுருண்டு விடும். மாடு தீனி எடுக்காது. பால் குறையும். வயிற்றைக் கிழித்து எடுத்தால்தான் உண்டு. ஒரு மாட்டை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சின்ன நஷ்டம் அல்ல.

வீட்டுக்குள் நடக்கும் தவறு ஒன்று உண்டு. அதைப் பலர் தவறு என்றே நினைப்பதில்லை. ஈர விறகு பற்றவில்லை என்றால் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சொருகித் தீ வைக்கிறார்கள். ‘குப்பையும் ஒழிந்தது, அடுப்பும் எரிந்தது’ என்று எண்ணம். அந்தப் புகையில் நச்சு இருக்கிறது. சிலவகைப் பிளாஸ்டிக் எரிந்தால் ‘டையாக்சின்’ என்ற கொடிய நஞ்சு உண்டாகும். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குளிர் காய்வது யார்? குழந்தைகள்தான். காய்ந்த தென்னம்பாளை, சுள்ளி, சருகு — எது வேண்டுமானாலும் ஆகட்டும், கவர் மட்டும் அடுப்புக்கு ஆகாது.

ஒரு சாக்கு, ஒரு வாரம்

இனி பிள்ளைகள் விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் சிலர் பள்ளிப் பிள்ளைகளை அருவிக்கு அழைத்துப் போகிறார்கள். வெறும் கையால் குப்பை பொறுக்கச் சொல்கிறார்கள். போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். உடைந்த கண்ணாடி கிடக்கும் இடத்தில், யாரோ குடித்து விட்டுப் போட்டதை மலைப்பிள்ளை ஏன் பொறுக்க வேண்டும்? அடுத்த ஞாயிறு அதே குப்பை அதே இடத்தில் இருக்கும். இதனால் பிள்ளை கற்பது ஒன்றுதான்: பெரியவர்கள் போடுவார்கள், சின்னவர்கள் எடுப்பார்கள்.

வேறு ஒன்று செய்யலாம். வீட்டில் ஒரு மூலையில் பழைய சாக்கு ஒன்றைக் கட்டி வைக்க வேண்டும். ஒரு வாரம் வீட்டுக்குள் வரும் பிளாஸ்டிக் எல்லாம் அதில் விழட்டும். எண்ணெய்க் கவர், பால் கவர், ஷாம்பு உறை, தின்பண்டப் பாக்கெட், கடைக்காரர் கட்டிக் கொடுத்த பை — எதையும் விடக்கூடாது. அப்பா வாங்கி வந்ததும் சேரட்டும். யாரையும் திட்டக் கூடாது. பாக்குப் பொட்டலமும் சேர வேண்டும். அப்பா முகம் சுளித்தாலும் சரி!

வார முடிவில் பிள்ளையே சாக்கைக் கொட்டி மூன்று குவியலாகப் பிரிக்கட்டும்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடியவை ஒரு குவியல். விலைக்குப் போகிறவை ஒரு குவியல். யாருக்கும் வேண்டாதவை மூன்றாவது குவியல்.

"அம்மா, இந்தக் கவர் எதுல போடணும்?"

"எதுக்கு வாங்கினோம்னு நீயே சொல்லு."

"தக்காளிக்கு."

"பை எடுத்துட்டுப் போயிருந்தா?"

பிள்ளை பதில் சொல்லாமல் முதல் குவியலில் போடும். அதற்கு மேல் தாய் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

முதல் குவியலை ஒரு மாதத்தில் பாதியாக்கி விடலாம். கடைக்குப் போகும் பிள்ளை கையில் துணிப்பை இருந்தால் போதும். "கவர் வேணாண்ணா, இதுலயே போடுங்க" என்று கடைக்காரரிடம் சொல்ல ஒரு தடவை கூச்சமாக இருக்கும். இரண்டாம் தடவை இராது. எண்ணெய்க்குத் தூக்கு எடுத்துப் போவது பாட்டி காலத்து வழக்கம். செக்குக் கடையில் இன்றும் ஊற்றிக் கொடுப்பார்கள். பள்ளிக்குத் தண்ணீர் கொண்டு போக ஒரு எவர்சில்வர் பாட்டில் வாங்கினால் பல வருஷம் வரும். பள்ளியில் மதியச் சாப்பாடு எவர்சில்வர் தட்டில்தான் கிடைக்கிறது. அங்கே பிளாஸ்டிக் இல்லை. அது பள்ளிக்கு எதிரே உள்ள கடையில் இருக்கிறது.

விசேஷ வீடுகளில் இலை இருக்கிறது. வாழை இல்லாத இடத்தில் மந்தாரை இலையையும் புரச இலையையும் ஈர்க்குச்சியால் தைத்துச் சாப்பிட்ட நாடு இது. இலை தைக்கத் தெரிந்த பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். பேத்திக்கு ஒரு மாலை நேரம் சொல்லிக் கொடுத்தால் போதும்.

தின்பண்டத்துக்கு என்ன செய்வது? வறுத்த வேர்க்கடலை, தேன் விட்டுப் பிசைந்த தினைமாவு, சீத்தாப்பழம், நெல்லிக்காய் இவை மலைக்குப் புதியவை அல்ல. மலையில் விளையும் சாமையும் தேனும் கீழே போகின்றன. பட்டணத்தார் நல்ல விலை கொடுத்து வாங்கித் தின்கிறார்கள். கீழே செய்த உப்பு வறுவல் மேலே வருகிறது. மலைப்பிள்ளை வாங்கித் தின்கிறது. இது நல்ல பண்டமாற்று அல்ல! ஆனாலும் ‘பாக்கெட்டையே தொடாதே’ என்று பிள்ளைக்கு ஆணை போடுவதில் பயன் இல்லை. எப்போதாவது ஆசைக்கு வாங்கித்தான் தின்னும்.

அதனால்தான் மூன்றாவது குவியல் எப்போதும் மிஞ்சும். பை எடுத்துப் போனாலும், தூக்கு எடுத்துப் போனாலும் அது கரையாது. அந்தக் குவியல் குடும்பத்தின் குற்றமும் அல்ல, பிள்ளையின் குற்றமும் அல்ல. பாக்கெட் செய்கிறவர் அதைப் பாக்கெட் இல்லாமல் விற்பதே இல்லை.

தூத்துக்குடிப் பெண்கள் செய்த வேலை

மூன்றாவது குவியலை என்ன செய்யலாம் என்று 2018-ம் வருஷம் தூத்துக்குடி மாணவிகள் காட்டினார்கள்.

அங்கே சுப்பையா வித்யாலயம் பெண்கள் பள்ளி மாணவிகள் தாங்கள் தின்ற பிஸ்கட், வேபர் பாக்கெட்டுகளின் காலி உறைகளைச் சேர்த்தார்கள். இரண்டு வாரத்தில் 20,000-க்கு மேல் சேர்ந்து விட்டது! அவற்றைக் குப்பைத்தொட்டியில் போடவில்லை. கம்பெனிவாரியாகப் பிரித்தார்கள். மாநகராட்சி மூலமாக, செய்த கம்பெனிகளுக்கே திருப்பி அனுப்பி விட்டார்கள். கூடவே ஒரு கடிதம். ‘உங்கள் பண்டம் எங்களுக்குப் பிடிக்கிறது, உறைதான் வேண்டாம், வேறு நல்ல உறையில் கொடுங்கள்’ என்பது கடிதத்தின் சாரம்.

பிள்ளைகள் குறும்பு என்று இதைத் தள்ளி விட முடியாது. இந்தியச் சட்டமே இதைத்தான் சொல்கிறது. 2016-ம் வருஷத்துப் பிளாஸ்டிக் கழிவு விதிகளின்படி, உறையில் அடைத்து விற்கும் கம்பெனிக்கு அந்த உறையைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உண்டு. 2022-ல் அந்த விதியை இன்னும் இறுக்கினார்கள். ஆனால் கம்பெனி தன் பங்கை நாட்டின் எந்த மூலையில் சேகரித்தும் கணக்குக் காட்டலாம். குவியல் குவியலாகக் கிடைக்கும் பெரிய நகரத்தில் சேகரிப்பது சுலபம். ஜமுனாமரத்தூருக்கு லாரி அனுப்பிச் சேகரிப்பது கஷ்டம். எதை அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பாக்கெட்டைக் கொண்டு வரும் வேனுக்கு மட்டும் மலை ஏற வழி தெரிகிறது. அது காலியாகத்தானே இறங்குகிறது!

உலகத்துச் செய்தியும் இதைவிட நன்றாக இல்லை. அதுவரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் 100 கிலோவுக்கு 9 கிலோ அளவுதான் மறுபடி உருக்கி உபயோகிக்கப்பட்டது என்று 2017-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். பிளாஸ்டிக்கைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிப் பேசின. உடன்பாடு இல்லாமலே கலைந்தன.

விலை வைத்தால் வரும்

அயர்லாந்து தேசத்தில் 2002-ம் வருஷம் கடையில் கொடுக்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பைக்கும் 15 சென்ட் வரி போட்டார்கள். பை உபயோகம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குறைந்து விட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? நீலகிரியைப் பார்க்கலாம். அங்கே 2000-ம் வருஷ வாக்கிலேயே கலெக்டராக இருந்த சுப்ரியா சாகு பிளாஸ்டிக்கை எதிர்த்து இயக்கம் நடத்தினார். ஆனாலும் காட்டுக்குள் மதுப்பாட்டில்கள் கிடந்தன. உடைந்த பாட்டில் யானையின் காலைக் குத்திக் கிழித்தது. விஷயம் சென்னை ஐகோர்ட்டுக்குப் போயிற்று. 2022 மே மாதம் புது ஏற்பாடு வந்தது. பாட்டில் வாங்கும்போது பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பி வரும். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்து விட்டன. குடித்தவன் வீசி எறிந்தால்கூட, அதைப் பத்து ரூபாயாகப் பார்க்கிறவன் ஒருவன் எடுத்துக்கொண்டு போனான்.

2025 ஏப்ரலில் ஐகோர்ட்டு, மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் 28 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்தது. ஜவ்வாது மலை இருப்பது கிழக்குத் தொடர்ச்சியில். அந்த உத்தரவு இதைப் பற்றியது அல்ல.

ஆனால் பத்து ரூபாய் ஏற்பாட்டுக்கு மேற்கும் இல்லை, கிழக்கும் இல்லை. ஜமுனாமரத்தூர்க் கோடை விழாவுக்குக் கூட்டம் வருகிறது. விடுமுறை நாளில் பீமன் அருவிக்குக் கூட்டம் வருகிறது. மலை ஏறும் சாலைகளோ சில. ஒவ்வொரு சாலை அடியிலும் ஒரு மேஜை போட்டு, மேலே போகும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் பாக்கெட்டுக்கும் ஒரு வில்லை ஒட்டிப் பத்து ரூபாய் வாங்கிக்கொள்ளலாம். இறங்கும்போது காலியைக் காட்டினால் பணத்தைத் திருப்பித் தரலாம். மலைக் கடைகளில் விற்கும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ரூபாயைக் கம்பெனிதான் தர வேண்டும்.

அப்படி ஒன்று வந்தால், பள்ளிக்கூடம் விட்டு ஓடி வரும் பையன் பாக்கெட்டைக் கிழித்து, தின்று, உறையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைப்பான். ஐந்து உறை சேர்ந்தால் அவனுக்கு இன்னொரு பாக்கெட். கடலூர்க்காரர் மகன் அன்று வகுத்த அதே கணக்கு!

அது வரும்வரை ஒரு தபால் கார்டு போதும். ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கமும் பொடி எழுத்தில் கம்பெனி விலாசம் அச்சடித்திருக்கிறது. மூன்றாவது குவியலிலிருந்து ஒன்றை எடுத்து, அந்த விலாசத்தைப் பிள்ளையே எழுத்துக் கூட்டிப் படித்து எழுதட்டும்.